மாடி பஸ்ஸில் நான் ஏற்றிய பிள்ளைகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் ஓடி ஓய்ந்த மாடி பஸ் ஒன்றை, வகுப்பறையாக்குவதற்காக எங்கள் ராஜபாளையம் பள்ளி வாங்கியது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும், ஆசிரியையான நான் பன்னிரண்டு பிள்ளைகளோடு எதிர்கொண்டு அழைத்துவரப் போனேன்.

“மேல யாரும் ஏறக் கூடாது டீச்சர். வழியெல்லாம் கரண்டு கம்பி” என்றார் டிரைவர். பிள்ளைகள் கெஞ்சினார்கள். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எல்லோரையும் மாடியில் ஏற்றி நானும் உட்கார்ந்துகொண்டேன்.

வன்னியம்பட்டி அருகே, களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். பஸ் குலுங்கி நின்றது.

“ஏட்டி, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” டிரைவர் கத்தினார்.

“என்னையப் பொறவு ஏசுங்க. மேல பிள்ளைக இருக்குய்யா, கம்பி தொங்குது!”

நிமிர்ந்து பார்த்தேன். முன் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி மின்கம்பி. அதைத் தொட்டுப் பார்க்க ஆறு வயது செல்வி கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். பாய்ந்து அவளை இழுத்ததில் இருவரும் இருக்கைகளுக்கு நடுவே விழுந்தோம்.

பிள்ளைகளை இறக்கி, வேறு பஸ்ஸில் கூட்டிவந்தேன். அந்தப் பெண்ணிடம் பெயர்கூடக் கேட்கவில்லை.

பிறகு அந்த மாடி பஸ்ஸில்தான் பாடம் நடத்தினேன். “எங்க பிள்ளைய நல்லாப் பாத்துக்கிடுதீய டீச்சர்” என்பார் செல்வியின் அம்மா. அவரிடம் உண்மையைச் சொல்ல இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.