பெல்ட் போடச் சொன்னவர்

அருள்புரத்தில் நாங்கள் வேலை செய்த பனியன் கம்பெனியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோவைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸில், நெற்றியில் தழும்புள்ள ஒல்லியான நர்ஸ் ஒருவர் இருந்தார். கணவரை ஸ்ட்ரெச்சரோடு பட்டை போட்டு இறுக்கியவர், என்னையும் பெல்ட் போடச் சொன்னார்.

"எனக்கெதுக்குங்க? அவரைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"வண்டி குலுங்குனா நீங்க அவரு மேலதானுங்க்கா விழுவீங்க" என்றார் அமைதியாக. முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினேன்.

ஒவ்வொரு முறை எழுந்து கணவரைக் கவனித்த பிறகும், உட்கார்ந்ததும் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பல்லடம் தாண்டியதும் லாரி ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். கீழே வைத்திருந்த என் டிபன் கேரியர் பறந்துபோய் முன்தடுப்பில் மோதியது. நாங்கள் மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். அடுத்த நொடி நர்ஸின் கை கணவரின் நாடியைப் பிடித்திருந்தது.

கணவர் பிழைத்துவிட்டார் என்று டாக்டர் சொன்னதும், மன்னிப்புக் கேட்க வாசலுக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் அடுத்த அழைப்புக்குக் கிளம்பியிருந்தது.