அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு மனு

திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடமாக அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். வெளியில் சொன்னால் ஒன்று, விசா வாங்கித் தருவீர்களா என்று கேட்பார்கள். இல்லையென்றால் ஐயோ பாவம் என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். சன்னலுக்கு வெளியே சாயப்பட்டறை வாடை, உள்ளே அதிபரின் அதிகாரங்கள். இந்த வாடையில் உட்கார்ந்து அவர்களுடைய அரசியல் சட்டத்தை ஒரு கூட்டம் மனப்பாடம் செய்கிறது என்று தெரிந்தால் அமெரிக்கர்களே கண் கலங்குவார்கள்.

கூட்டம் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். விருப்பப் பாடம் என்பதால் போன முறை சேர்ந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். ஒருவனுக்கு இந்த வகுப்பு நேரம் பஸ்ஸுக்கு வசதி. நான்காவது ஒரு பெண். அவள் மட்டும் படிக்க வந்திருந்தாள்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மாவும் அவளும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றார்கள். தைத்து வந்த சட்டைகளில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அம்மாவுக்குப் பகல், இவளுக்குக் கல்லூரி முடிந்து மாலை ஷிப்ட். அந்த ஷிப்ட் இருந்தால்தான் அவளுக்குப் படிப்பு. கம்பெனி எங்கள் கல்லூரிச் செயலாளருடையது.

அந்தச் செயலாளர் ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தே சொன்னார்.

"ஏனுங்க மேடம், அமெரிக்கா அரசியலைப் படிச்சுப்போட்டு நம்ம பசங்க எங்கீங்க போய் ஓட்டுப் போடப் போறாங்க? பத்துப் பேரு சேரலீன்னா நிறுத்திப்போடலாமுங்க. உங்களுக்கு லைப்ரரில ஏதாச்சும் பாத்துக்கலாமுங்க."

எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். லைப்ரரியில் தூசி தட்டும் வேலையை நினைத்தபடி வீட்டுக்கு வந்தேன்.

அப்போதுதான் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரியை ஏற்றியது.

மறுநாள் காலையில் செயலாளரே போன் செய்தார். சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். கார் அனுப்பினார். அவருடைய கம்பெனி மீட்டிங் ரூமில் பதினைந்து முதலாளிகள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மேசையின் தலைப்பக்க நாற்காலி, ஊத்துக்குளி நெய்யில் செய்த மைசூர்பாகு. பதினோரு வருடத்தில் என் பாடத்தை இத்தனை பேர் விழித்திருந்து கேட்டது அன்றுதான்.

வரி போட்டது அதிபர், தடுக்க வேண்டுமானால் அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் தடுக்கலாம், நீதிமன்றம் தடுக்கலாம், எதற்கும் மாதக் கணக்கில் ஆகும் என்று விளக்கினேன்.

"மாசக் கணக்குலயா? எங்களுக்கெல்லாம் ஒரு கன்டெய்னர் சரக்கு இன்ஸ்பெக்சனே அரை நாள்ல முடிஞ்சுருமுங்க" என்றார் ஒருவர், அமெரிக்க நீதிமன்றத்தின் சோம்பேறித்தனத்தை நினைத்து வருந்தி.

எங்கள் ஊரில் எந்த வியாதிக்கும் ஒரே மருந்து மனுதான். சாக்கடை அடைத்தாலும் மனு, மின்சாரம் போனாலும் மனு. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீல் குத்தி, திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுத்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். முதல் தாளை யாரும் படிப்பதில்லை. கடைசித் தாளில் முதல் கையெழுத்து யாருடையது என்பதில்தான் போட்டி.

"காங்கிரசுக்கு ஒரு மனுப் போட்ருலாமுங்க. மேடம் எழுதட்டும்" என்றார் செயலாளர். முதலில் தமிழில் எழுதுவது, எல்லோரும் ஒப்புக்கொண்டதும் ஆங்கிலமாக்கி அனுப்புவது என்று முடிவாயிற்று.

அங்கே உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் ஓட்டுப் போடுகிறவர் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மூலையிலிருந்த பெரியவர் ஒருவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார். "முப்பது வருசமா அவங்களுக்குப் பனியன் தெச்சுக் குடுத்துட்டு இருக்கறமுங்க. நமக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லீங்களா?" சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

அடுத்த வாரமே செயலாளர் தன் ஆபீஸ் ஆட்கள் எட்டுப் பேரைச் சான்றிதழ் படிப்பு என்று என் வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தார். பத்து தாண்டிவிட்டது, பாடம் பிழைத்தது. அமெரிக்க வரியால் வேலை தப்பிய ஒரே திருப்பூர்க்காரி நானாகத்தான் இருப்பேன்.

அதே வாரம் அமெரிக்க ஆர்டர் நின்றது. செயலாளர் கம்பெனியில் மாலை ஷிப்டையும் செக்கிங் செக்‌ஷனையும் மூடினார்கள். காலையில் வேலைக்குப் போனவர்களுக்கு கேட்டில் ஒட்டியிருந்த தாள்தான் சேதி சொன்னது. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் டிசி ஃபாரத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊருக்கே போறோம் மேம்."

இன்னும் ஒரே வருடம்தானே, ஏதாவது பார்க்கலாம் என்றேன். என்ன பார்ப்பது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் அது தெரிந்திருந்தது. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த மனுவை எடுத்துப் படித்தாள். 'எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் பிழைப்பில் கை வைத்துவிட்டீர்கள்' என்று நடுவில் உருக்கமாக எழுதியிருந்தேன்.

"நல்லா எழுதிருக்கிய மேம். கேக்காம வரி போட்டான்னுதானே அந்த நாட்டுக்காரன் இங்கிலாந்து ராசாகூடச் சண்டைக்குப் போனான்? நீங்கதான் சொன்னிய."

"ஆமாம்."

"செக்‌ஷன மூடும்போது எங்கள யாரு கேட்டா?"

பேனா கிடைத்துவிட்டிருந்தது. அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, முதல் தாளில் 'அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு' என்பதை அடித்துவிட்டு, மேலே செயலாளர் பெயரை எழுதினாள். "அட்ரஸ மட்டும் மாத்திக்கிடுதேன் மேம்." கடைசித் தாளில் தன் பெயரையும் அம்மா பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருடத்தில் ஒருத்திக்குத்தான் பாடம் மண்டையில் ஏறியிருக்கிறது. அவளுடைய டிசி ஃபாரத்தில்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள்களை அப்படியே செயலாளரிடம் கொண்டுபோனேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம், எரிச்சல்தான். அவர் முதல் தாளைப் புரட்டிவிட்டு நடுப் பத்தியை வாய்விட்டுப் படித்தார்.

"மனசுல இருக்கறத அப்படியே எழுதிப்போட்டீங்க மேடம். கேக்காமச் செய்யறது தப்புத்தானுங்களே."

"முதல் தாளையும் ஒருதரம் படிச்சுருங்க சார்."

"நீங்க எழுதுனாச் சரியாத்தானுங்க இருக்கும்."

கடைசித் தாளுக்குப் போனார். அவளுடைய கையெழுத்துக்கு நேர் கீழே தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார்.

காங்கிரசுக்கு ஆங்கிலப் பிரதி கூரியரில் போயிற்று. அவள் அட்ரஸ் மாற்றிய இந்தத் தமிழ் மனு என் மேசை டிராயரில் இருக்கிறது. இரண்டு மனுவுக்கும் இன்றுவரை பதில் இல்லை. அமெரிக்கக் காங்கிரசை நான் மன்னித்துவிட்டேன். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது.