அண்ணன் பார்க்க வேண்டிய மைதானங்கள்

நான் முதன்முதலாகச் சென்னைக்குப் போனது என் அண்ணனுக்காக எடுத்த ரயில் டிக்கெட்டில். அண்ணன் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் இருந்தது. அப்பா குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். சாரல் தொடங்கிவிட்டால் வீடு அவருக்குக் குளித்துச் சட்டை மாற்றும் இடம், அவ்வளவுதான். அண்ணன் விளையாட்டுப் பைத்தியம். அதிலும் அவனுடையது தனி ரகம். ஆட்டத்தைவிட ஆடுகிற இடத்தின்மேல்தான் அவனுக்கு ஆசை. டிவியில் கிரிக்கெட் ஓடும்போது எல்லோரும் பந்தைப் பார்த்தால் இவன், "கேமராவ அந்தப் பக்கம் திருப்புங்கலே, அங்கன என்ன இருக்குன்னு பாக்கணும்" என்று டிவியோடு சண்டை போடுவான். ஒரு நோட்டில் சென்னையிலிருக்கும் நான்கு மைதானங்களின் படங்களைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டியிருந்தான். ஒவ்வொன்றின் கீழும் அவனுக்குத் தெரிந்த விவரங்கள், பிறகு அவனுடைய சந்தேகங்கள். நேரில் போய் விடை கண்டு எழுதுவதற்கு இடம் விட்டிருந்தான்.

கூட்டிப் போகச் சொல்லி இரண்டு வருடமாக அப்பாவை நச்சரித்தான். முழுப்பரீட்சை லீவு வரும் மே மாதத்தில்தான் விடுதிக்கு வெள்ளையடிப்பார்கள், குழாய் மாற்றுவார்கள். "சீசன் முடியட்டும்லே, கூட்டிட்டுப் போறேன்" என்பார் அப்பா. சீசன் முடியும்போது பள்ளிக்கூடம் திறந்து மாதக்கணக்காகியிருக்கும். மூன்றாவது வருடம் அவரே மனமிரங்கி, ஜனவரியிலேயே மே மாதத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். அண்ணன் அதை நோட்டின் அட்டைக்குள் செருகி வைத்துக்கொண்டான். மார்ச்சில் அவனுக்கு டெங்கு வந்தது. தென்காசியில் பார்த்தார்கள், பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் ஆம்புலன்சில் திரும்பி வந்தான்.

அந்த டிக்கெட்டை அப்பா ரத்து செய்யவில்லை. ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் என்னையும் அழைத்துக்கொண்டு தென்காசி ரயில் நிலையத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். அதில் அண்ணன் பெயர் இன்னும் இருந்தது.

"பையன் ஏன் போகலை?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அவன் வரலை" என்றார் அப்பா.

கவுண்டரில் இருந்தவர் அண்ணன் பெயரை அடித்தார். என் பெயரை எழுதிக் கொடுத்தார்.

"நீயும் அப்பாகூடப் போயிட்டு வா" என்று அம்மா சொன்னபோது, டிக்கெட் வீணாகக் கூடாது என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, ஹாக்கியும் தெரியாது. சென்னை என்றதும் கடல் பார்க்கலாம் என்று ஓர் ஆசை வந்தது. அதை வெளியே சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்போது எதையும் ஆசைப்பட்டுக் கேட்கக் கூடாது என்று எனக்கே தோன்றியிருந்தது.

காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அப்பா உள்ளே நுழைந்ததும் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், தலையணையை மோந்து பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து மூடினார். "நம்மது எவ்வளவோ தேவலை" என்றார். ரயில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஹாக்கி மைதானம், லாட்ஜிலிருந்து நடக்கிற தூரம். அண்ணன் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த கேள்வி: 'ஆட்டத்துக்கு முன்னால் ஏன் தண்ணீர் அடிக்கிறார்கள்? புல் வளரவா?' அப்பா அதைக் காவலாளியிடம் நோட்டைப் பார்த்துப் படித்தே கேட்டார். இது நிஜப் புல் இல்லை, செயற்கை விரிப்பு, நனைத்தால்தான் பந்து ஒழுங்காக ஓடும், விழுந்தாலும் தோல் உரியாது என்று அந்த மனிதர் பொறுமையாகச் சொன்னார். குனிந்து தொட்டுப் பார்க்கவும் விட்டார். அப்பா தொட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எழுதிக்கிடுலே."

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் ஊரில் 'லே' என்பது பையன்களைக் கூப்பிடுவது. என்னை அப்பா 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். வாய் தவறிவிட்டது என்பதை அவர் கவனிக்கவில்லை. நான் எழுதினேன். அண்ணனின் கையெழுத்து சாய்ந்திருக்கும் என்பதால் நானும் கொஞ்சம் சாய்த்தே எழுதினேன்.

மத்தியானம் நுங்கம்பாக்கத்து டென்னிஸ் அரங்கம். யாரும் ஆடவில்லை. சுற்றிலும் வரிசை வரிசையாக நாற்காலிகள், அத்தனையும் காலி. அப்பா மேல்படியில் உட்கார்ந்து, எங்கே நடுவர் உட்காருவார், எங்கே வெயில் விழும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டே போனார். அவருக்கும் டென்னிஸ் தெரியாது. நோட்டில் இருந்ததைத்தான் சொன்னார். "எப்படிலே இருக்கு?" என்று கேட்டார். "சூப்பரா இருக்குப்பா" என்றேன், அண்ணன் சொல்கிற மாதிரி 'சூ'வை இழுத்து. அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்து, ஷூ லேசைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். நான் அன்று போட்டிருந்தது செருப்பு. அதையும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் சேப்பாக்கம். ஆட்டம் எதுவும் இல்லாத நாள், கேட்டெல்லாம் பூட்டியிருந்தது. உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அண்ணனின் கேள்விக்கு உள்ளே போக வேண்டிய அவசியமில்லை. 'வெளியே ஒரு சுற்று நடக்க எத்தனை எட்டு வைக்க வேண்டும்?' என்று எழுதியிருந்தான். அப்பா எண்ணிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். நான் அவர் பின்னால் ஓடினேன். மே மாத வெயில். அறுநூற்றுச் சொச்சத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஒரு மரத்தடியில் வெள்ளரிக்காயும் மாங்காயும் கீறி விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் அப்பா போனார். "புள்ள கொஞ்சம் இங்கன உக்காந்திருக்கட்டும்மா. ஒரு சுத்துப் போயிட்டு வந்துருதேன்" என்றார். எனக்கு ஒரு வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்து, "இங்கனயே இருலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள்.

"இன்னா ஊரு பாப்பா?"

"தென்காசி."

"கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

அண்ணன் போனபிறகு அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவும் இல்லை.

"ஒரு அண்ணன்."

"இன்னா படிக்கிறான்?"

"பத்தாவது போகப் போறான்."

சொன்னபிறகு வெள்ளரிக்காயைக் கடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மிளகாய்ப்பொடி விரலில் ஊறியது. ஆட்டோக்கள் போயின, பேருந்துகள் போயின. மரத்து நிழல் என் காலைவிட்டு விலகி, முழங்காலைவிட்டும் விலகியது. இத்தனை பேர் போகிற ஊரில் அப்பாவைத் தவிர என்னைத் தெரிந்த ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெரிந்த அந்த ஒருவரும் என்னை வேறு யாராகவோ நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்கும் கவலை வந்துவிட்டது. "ஒரு சுத்துக்கு இம்மா நேரம் ஆவாதே" என்று எழுந்து நின்று பார்த்தாள். "பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல ஏறிப் பாத்தா உள்ள கிரவுண்டு கொஞ்சம் தெரியும்பாங்க. அங்க போயிருப்பாரு." கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, என் கையைப் பிடித்து ஸ்டேஷன் படிவரை கூட்டிவந்தாள். "எனுக்கு முட்டி வலி, ஏற முடியாது. நீ போய் பாரு. இல்லேன்னா இங்கியே வந்துரு, நா நிக்கிறேன்."

பிளாட்பாரத்தில் அநேகமாக யாரும் இல்லை. அப்பா அதன் கடைசி முனையில் நின்றுகொண்டிருந்தார். மைதானம் அவருக்குப் பின்பக்கம் இருந்தது. அவர் தண்டவாளம் வளைந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். செருப்புக்கு அடியில் அண்ணனின் நோட்டு. நடந்து நடந்து கால் கொப்பளித்துவிட்டது போல என்று நினைத்தேன். கடற்காற்றில் நோட்டு பறந்துவிடக் கூடாதென்று செருப்பைப் பாரமாக வைத்திருக்கிறார் என்று நினைத்து, அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

என்னை இவ்வளவு நேரம் விட்டுவிட்டீர்களே என்று கேட்கத்தான் ஓடினேன். கிட்டப் போனதும் வாயில் வேறு வந்தது.

"அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

அவர் திரும்பினார். நான் யாரென்று தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. அதன் காற்றில் அவர் சட்டை படபடத்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று பேர் இறங்கினார்கள், ரயில் நகர்ந்தது, கடைசிப் பெட்டியும் கண்ணைவிட்டு மறைந்தது. அதுவரை பிடியை விடவில்லை.

"வலிக்குப்பா."

"ம்" என்று விட்டார். "செருப்பைப் போடுங்க, தரை சுடுது" என்றேன். சொன்னபடி போட்டுக்கொண்டார். நோட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

கீழே ஒரு கட்டணக் கழிப்பறை இருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் எனக்குப் பயம். கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தேன்.

"அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்சம் கழித்து மறுபடியும், "இருக்கீங்களாப்பா?"

"இருக்கேன்."

மூன்றாவது முறை கேட்டபோது பதில் வரத் தாமதமானது. நான் வெளியே வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம். குழாயில் முகம் கழுவியிருக்கிறார் என்று நினைத்தேன்.

வெள்ளரிக்காய் அம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா மனுசன்யா நீ? ஊரு பேரு தெரியாத எடத்துல பொட்டப் புள்ளைய குந்த வெச்சுட்டுப் போயிட்டியே? புள்ளைக்கு ஒண்ணு ஆயிருந்தா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். விடுதியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். "தப்புதாம்மா" என்றார். "தப்புதான்" என்று மறுபடியும் சொன்னார்.

அங்கிருந்து திரும்பும்போது, "உனக்கு என்ன பாக்கணும்?" என்று கேட்டார்.

"கடல்."

கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அப்பா பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்தார். நான் அலையில் இறங்கினேன். அருவித் தண்ணீர் தலையில் அடிக்கும். இது காலைப் பிடித்து இழுத்தது. முழங்கால்வரை போயிருப்பேன்.

"ஏட்டி! ரொம்ப உள்ள போகாத!"

திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழாததுபோல இன்னும் இரண்டடி உள்ளே போனேன். "ஏட்டி!" என்று மறுபடியும் கத்தினார். அதற்காகத்தான் போனேன்.

நான்காவது மைதானத்துக்கு நாங்கள் போகவில்லை. போவோமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு நான் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தேன். ஒருநாள் அதே பறக்கும் ரயில் நிலையத்தில் தோழிகளோடு நின்றிருந்தபோது, ஒரு பெரியவர் கால் அரிக்கிறதென்று செருப்பைக் கழற்றினார். நான் அந்தச் செருப்பையே பார்த்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன, என்ன என்று கேட்டார்கள். அப்பா அன்று ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றது எதற்காக என்று எட்டு வருடம் கழித்துப் புரிந்தது என்று எப்படிச் சொல்வது? அவரைப் போக வேண்டாம் என்று தடுக்கவும் முடியாமல், தனியாக அனுப்பவும் துணியாமல்தான் அம்மா என்னைக் கூட அனுப்பியிருக்கிறாள் என்பதும் அதோடு சேர்ந்து புரிந்தது. அவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. இப்போதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அவருக்கு வீட்டு நினைவு இருப்பதில்லை. அப்படியே இருக்கட்டும்.

சென்னையிலிருந்து திரும்பிய அன்று காலை, தென்காசி ஸ்டேஷனில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் போனபிறகு வாசலைத் தாண்டாதவள். நான் ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவள் என் தலைக்குமேல் அப்பாவையே, தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷமாக வந்தது. ஊரைவிட்டுப் போய் வந்தது நானும்தானே?

வீட்டுக்கு வந்து அப்பா குளிக்கப் போனதும், அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"அங்கன அப்பா உன்னைய எங்கயாச்சும் தனியா விட்டுட்டுப் போனாவளா?"

வெள்ளரிக்காய் அம்மாள் திட்டியதும், அப்பா தலை குனிந்து நின்றதும் நினைவுக்கு வந்தன. உண்மையைச் சொன்னால் அம்மாவும் திட்டுவாள். இன்னொரு முறை அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"இல்லம்மா. என்கூடவேதான் இருந்தாவ."

"ஒரு நிமிஷம்கூடப் போகலையா?"

"ஒரு நிமிஷம்கூட."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. நான் மடிக்குப் பெரியவளாகிவிட்டிருந்தேன். கால் வெளியே நீண்டு கிடந்தது. ஆனாலும் அசையாமல் படுத்திருந்தேன். ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவு கிடைக்குமென்றால் இனி அடிக்கடி பொய் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.