பதின்மூன்றாவது சேனல்

அக்காவின் கல்யாண ஓலையைக் கோயிலில் முதல் தடவை வாசிக்க ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்புதான் அவருக்கு லீவு. இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். அவரும் அக்காவும் ஒருவரையொருவர் ஸ்டுடியோ படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். ஒரு ஞாயிறு வாசித்துவிட்டால், அதன் பிறகு வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

அக்கா கேட்டது ஒன்றுதான். ஓலைக்கு முன் ஒரு தடவை அவரோடு நேருக்கு நேர் பேசவேண்டும்.

“படம் பாத்தாச்சுல்லா? மூக்கும் முழியும் தெரியலியா?” என்றாள் அம்மா.

“படம் பேசுமாம்மா?”

மாப்பிள்ளைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை அப்பா பங்கு அலுவலகத்தில் பெயர்களை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை மதியம்தான் ஒரே வாய்ப்பு.

தங்கை என்னிடம் லேப்டாப் இருந்தது. பொறியியல் கடைசி வருடம். வைரஸ் வந்து விண்டோஸ் படுத்தபிறகு அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் வேலை செய்தன. வைஃபையைப் பிடிக்கும் வயர்லெஸ் கார்டு செய்யவில்லை. எங்கள் வீட்டில் இன்டர்நெட்டும் கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம், நாங்கள் மாமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது. அவர் மகன் துபாயிலிருந்து ஒரு ரவுட்டர் கொண்டுவந்து வைத்திருந்தான். லேப்டாப்பை அங்கே கொண்டுபோய்க் கேபிளைச் செருகலாம் என்றால், மகன் வைத்ததில் எதையும் செருக மாமா விடமாட்டார். ஓலை வாசிக்காத பெண் இன்னொரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் பேசுவதற்கு அம்மாவும் சம்மதிக்கவில்லை.

திங்கட்கிழமை நோட்டில் எழுதினேன்: கார்டின் எண்ணைக் கண்டுபிடிக்கவேண்டும், அதற்கான ஃபர்ம்வேரை இறக்கவேண்டும், மாமாவிடம் பாஸ்வேர்டு வாங்கவேண்டும். ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் போடவேண்டிய ஒரு சிறு கோப்பு. அது இல்லாமல் கார்டு இன்டர்நெட்டைத் தொடாது. இன்டர்நெட் இல்லாமல் அது கிடைக்காது. பென் டிரைவோடு புதுக்கடை டவுனுக்குப் பஸ் ஏறி, பிரௌசிங் சென்டரில் இறக்கினேன். வேறொரு கார்டுக்கானதை இறக்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். புதன் சாயங்காலம் கார்டின் நீல விளக்கு எரிந்தது. அக்கா கைதட்டினாள். ஆனால் நெட்வொர்க் பட்டியல் காலியாக இருந்தது.

வியாழன் சாயங்காலம், முன்பக்கக் கேமரா இல்லாத மாமாவின் போனை வாங்கி எங்கள் அடுக்களை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். போனில் அவர் வீட்டு வைஃபை தெளிவாகத் தெரிந்தது. அதே ஜன்னலில் லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நாலு வருசமா காலேஜில என்னத்தையாக்கும் படிச்ச மக்கா?” என்றார் மாமா.

“இது சும்மா கிடைக்கிற சாஃப்ட்வேர் மாமா. கொஞ்சம் இழுக்கும்.”

“சும்மா கிடைச்சதுல்லா, அப்பிடித்தான் இருக்கும்.”

ரவுட்டருக்குள் புகுந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

“எக்க மவன் வச்சது. அதுல கைய வச்சா அவன் அங்க இருந்து சாடுவான், கேட்டியா.”

தூக்கிப் பார்க்க மட்டும் விட்டார். அடியில் மகன் ஒட்டிய காகிதம் இருந்தது. பெயர், பாஸ்வேர்டு என்ற முதல் இரண்டு வரிகளைத் திங்கட்கிழமையே எழுதியிருந்தேன். மூன்றாவது வரி தேவையில்லை என்று விட்டிருந்தேன். அதில் ‘சேனல் 13’ என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி புதுக்கடை. அரைமணி நேரம் தேடியதில் விஷயம் புரிந்தது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சொல்லாவிட்டால் என் லினக்ஸ் அமெரிக்கா என்று எடுத்துக்கொள்கிறது. அங்கே வைஃபை அலைவரிசைகளில், அதாவது சேனல்களில், பதினொன்று வரைதான் அனுமதி. பன்னிரண்டையும் பதின்மூன்றையும் அது தேடிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து, நாடு இந்தியா என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். மாமா வீட்டுப் பெயர் பட்டியலில் வந்தது.

“ஏட்டி, இவ்வளவுந்தானா?” என்றாள் அக்கா.

“இவ்வளவுந்தான்.”

மூன்று மணிக்கு அழைத்தோம். சிக்னல் ஜன்னலருகே மட்டும் நின்றதால் லேப்டாப்பை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரைச் சரிபார்த்தேன். ஒலி முழுதாகத்தான் இருந்தது.

“ஒண்ணும் கேக்கலியே, கொஞ்சம் சத்தமா பேசப்பிடாதா?” என்றாள் அக்கா.

அவர் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டார். “பெறத்த ஒரு ஆளு உறங்குதான். நைட் டூட்டி முடிச்சு வந்தவன்.” கேமராவை லேசாகத் திருப்பினார். பின்னால் இருந்த கட்டிலில் போர்வைக்கு வெளியே ஒரு கால் தெரிந்தது.

அக்கா கேட்பதற்கு எட்டுக் கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றைக் கேட்டாள். நான்கு முறை படம் உறைந்தது. இருபது நிமிடமும் அவர் அதே கிசுகிசுக் குரலில்தான் பேசினார். சிரிப்பு வந்தபோது தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

முடிந்ததும் அம்மா வந்தாள். “எப்பிடியாக்கும்?”

“கடைசி வரைக்கும் அந்த ஆளு எழும்பல்லம்மா.”

“எந்த ஆளு?”

“பெறத்த கெடந்தவன். அப்பாட்ட பேர எழுதிக் குடுக்கச் சொல்லு.”

அம்மா என்னைப் பார்த்தாள். லேப்டாப்பை அணைத்துத் திறந்தால் அது மறுபடி அமெரிக்காவுக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கட்டளை தானாக ஓடும்படி எழுதிவைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்குத்தான் அழைப்பதாக அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள்.