பீரோவுக்கு முன் ஒரு ரொட்டி

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் சுமை தூக்கும் அவரை எல்லோரும் ‘மலை’ என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்புப் பீரோவை முதுகில் சாய்த்துக்கொண்டு அவர் படியேறினால் பீரோவுக்குத்தான் மூச்சு வாங்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் சில மாதங்களாகப் பாதிப் படியிலேயே உட்கார ஆரம்பித்தார். உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும். உதடு வீங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இருப்பதிலேயே கனமான சாமானைத் தூக்குமுன் ஒரு ரொட்டியைப் பிய்த்து எல்லோரும் தின்பார்கள். தின்னாதவன் கை வைக்கக்கூடாது. மலை விழ விழ, பலம் போதவில்லை என்று அவர் பங்கைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். அன்பு என்றால் அப்படியோர் அன்பு, ஆளையே கொல்லப் பார்த்த அன்பு!

கடைசியாக விழுந்தபோது மூச்சே அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிதான் காப்பாற்றியது.

“இனிமே நீ கண்ணாடி டம்ளருக்குப் பேப்பர் சுத்து, போதும்,” என்றார் மேஸ்திரி.

மலைக்கு முகம் செத்துப்போனது. படியேறாத வேலையெல்லாம் அவருக்கு ஒரு வேலையா?

டாக்டரம்மாவிடம் மனைவிதான் பேசினாள். “லீவு நாள்ல ரொட்டி தின்னுட்டுத் தூங்குவாரு, ஒண்ணும் ஆகாது. ரொட்டி தின்னாம பீரோ தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டும் சேந்தாத்தான் விழுறாருங்க.”

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பரிசோதனையும் அதையே சொன்னது: கோதுமை தின்றபின் உடம்பை வருத்தினால் வரும் ஒவ்வாமை.

“வேலைக்குப் போற அன்னைக்கு, வேலை முடியிற வரைக்கும் கோதுமையே கூடாது. மூச்சடைச்சா உடனே போட ஒரு ஊசி தர்றேன், அது எப்பவும் பக்கத்துல இருக்கணும். தனியா தூக்கக்கூடாது. இதெல்லாம் சரியா இருந்தா, தாராளமா தூக்கலாம்.”

டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட மேஸ்திரி, மலையை மறுபடி தூக்க விட்டார். அடுத்து வந்தது ஐந்தாம் மாடிக்கு ஒரு பீரோ. லிஃப்டுக்குள் நுழையவில்லை. மேஸ்திரி பழக்கதோஷத்தில் ரொட்டியை நீட்டினார். மலை தலையசைத்து மறுத்தார்.

“தின்னாதவன் கை வைக்கக்கூடாதுன்னு யாராவது சொன்னீங்கன்னா, இப்பவே வீட்டுக்குப் போயிடுறேன்.”

மேஸ்திரி ரொட்டியை லாரிக்குள் விட்டெறிந்தார். “இன்னைக்கு யாருக்கும் ரொட்டி கிடையாது. சாயங்காலம் எல்லாத்தையும் இறக்கிட்டு, குந்தி சாவகாசமா தின்னுக்கலாம். தூக்குங்கடா!”

ஊசிப் பையை ஒருவன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மலை முன்னால் பிடித்தார். வழக்கமாக அவர் உட்கார்ந்துவிடும் பாதிப் படிக்கட்டு வந்தது. கால் ஒரு கணம் தயங்கியது, பிறகு தாண்டிவிட்டது. ஐந்தாம் மாடியில் பீரோவை இறக்கி வைத்துவிட்டுக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேர்வை மட்டும்தான். ஒரு தடிப்புகூட இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினார்:

“மேஸ்திரி! அடுத்தது என்ன?”