தாம்பரத்தில் பிறந்த வெளிநாட்டுக்காரி

இந்த நாட்டில் ஒருவன் தன் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவனை விட்டுப் போய்விட்டாள். டொரான்டோவுக்கு வந்து பல வருடமாகியும் அது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் அலுவலகத்தில் காபி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை பீட்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தொட்டான். எப்போது திரும்புவாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். குழந்தை பிறந்து சில மாதம் கழித்து என்றேன். கர்ப்பிணி வேறா என்று அவன் முகம் இன்னும் வாடிப்போயிற்று. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம் என்று எவ்வளவோ விளக்கினேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து, மறுநாள் அவன் மனைவி செய்த ஆப்பிள் கேக்கைக் கொண்டுவந்து கொடுத்தான். ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கேக் நன்றாகத்தான் இருந்தது.

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருந்தார். என் மகள் அமுதா மேற்குத் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பிறந்தாள். அவளைப் பார்க்க நான் லீவில் வந்தபோது பெட்டியில் குழந்தைச் சட்டைகளோடு விண்ணப்பத் தாள்களும் இருந்தன. அதற்கு முந்தைய வருடம்தான் நான் கனடாக் குடிமகன் ஆகியிருந்தேன். குடிமகனின் குழந்தைக்கு விசா கிடையாதாம், குடியுரிமைச் சான்றும் பாஸ்போர்ட்டும்தான் வாங்க வேண்டுமாம். விண்ணப்பத்தின் தலைப்பு, வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளுக்கானது என்றது. நான் வளர்ந்த தெருவிலிருந்து அந்த நர்சிங் ஹோமுக்கு நடந்தே போய்விடலாம். அந்த வெளிநாட்டின் பெயரைத் 'தாம்பரம்' என்று என் கையாலேயே எழுதினேன்.

மாமனார் எழுதி முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் மாப்ள, இவதான் பொறக்கும்போதே இந்தியனாச்சே. இன்னும் ஒண்ணு எதுக்கு?"

இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது, ஒன்று வந்தால் ஒன்று போகும் என்றேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாமனார்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் திறந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும், வேறு யாரும் தெரியக் கூடாது என்பது விதி. தலை நிற்காத குழந்தையை எப்படித் தனியாக உட்காரவைப்பது? ஸ்டூடியோக்காரர் யோசித்து, மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தி, குழந்தையை அவர் மடியில் வைத்தார். வேட்டிக்குள்ளிருந்தே இரண்டு கைகள் அவளைத் தாங்கிப் பிடித்தன. படத்தில் பார்த்தால் அமுதா மேகத்தில் சாய்ந்திருப்பதுபோல் இருக்கும்.

நான் தனியாகத் திரும்பினேன். சான்று வந்து, பாஸ்போர்ட் வருவதற்குள் அமுதா குப்புற விழுந்து, தவழ்ந்து, தாத்தாவின் விரலைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டாள். இதெல்லாம் எனக்குத் தொலைபேசியில்தான் நடந்தது. பீட்டரோ நான் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அழைத்துப் போக மறுபடி வந்தபோது, புறப்படுவதற்கும் அனுமதி வேண்டும் என்றார்கள். வெளிநாட்டவர் பதிவு செய்யும் அலுவலகத்துக்கு எல்லோருமாகப் போனோம். அதிகாரி அமுதாவின் புத்தம்புதுப் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்தியாவுக்கு எப்ப வந்தாங்க?"

"வரலை சார், இங்கதான் பொறந்தா."

"அது தெரியுது சார். விசா இல்ல, என்ட்ரி சீல் இல்ல. வராதவங்களை நான் எப்படி வெளிய அனுப்புறது?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது சங்கடமாக இருந்தது. தன் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்து ஒரு வழி சொன்னார். இந்த வெளிநாட்டவர் இத்தனை நாள் யார் வீட்டில் தங்கியிருந்தார், பொறுப்பு யார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேற்படி வெளிநாட்டவர் என் வீட்டில் தங்கியிருந்தார், நன்னடத்தை உள்ளவர் என்று அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினார். மேற்படியார் தாத்தாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனா மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சுமதி என்னை முறைத்தாள்.

கையெழுத்துப் போட்டபின் மாமனார் கேட்டார். "சார், இவ திரும்பி வரணும்னா?"

"விசா எடுத்துக்கினு தாராளமா வரலாம் பெரியவரே."

"என் வூட்டுக்கு வர்றதுக்கா?"

அதுவரை அவர் வாயிலிருந்து 'வூடு' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அதிகாரி முத்திரையை எடுத்துக் குத்தினார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். மாமனார் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அமுதாவை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மாமனாரை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இரண்டு வரிசை. இந்தியர்களுக்கான வரிசையில் சுமதி நின்றாள். மற்றவர்களுக்கான வரிசையில் நானும் என் தோளில் அமுதாவும். நடுவில் ஒரு கயிறு. பசித்து அழுத குழந்தையைச் சுமதி கயிற்றுக்கு மேலாக வாங்கினாள். அந்தக் குழந்தை இந்த வரிசை என்று ஒரு காவலர் மரியாதையாகச் சொன்னார். திருப்பி வாங்கினேன். அவள் வரும்போது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். என் முறை முதலில் வந்தது. படத்தோடு ஒப்பிட வேண்டும், முகத்தைக் காட்டுங்கள் என்றார் கவுன்டரில் இருந்தவர். நான் அவளை இந்தப் பக்கம் திருப்பினேன். அவள் அந்தப் பக்கமே திரும்பினாள். முந்தானை கயிற்றின் மேல் விறைத்து நின்றது.