சஜிதா மறைத்த எண்கள்

சஜிதாவைப் போல ஓர் அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. திருமலைராயன்பட்டினத்துக்காரி. அவள் அத்தா காஜா மைதீன் துபாயில் கடையில் நின்று சம்பாதித்து அவளைப் படிக்க வைத்தார். பெரிய நிறுவனங்களின் விவரங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து, அங்கே இருப்பவர்கள் திரையில் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும்படி டேட்டா மாடல் கட்டிக் கொடுப்பது அவள் வேலை. யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போடுவதும் அவள்தான். அவளும் நானும் ஒரே சென்னைக் கம்பெனிதான். சுரக்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, காரைக்காலில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடி அறையில் அவளோடு உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

ஒரு மாடல் முடிந்ததும் சஜிதா ஒவ்வொரு ஆளின் இடத்திலிருந்தும் உள்ளே நுழைந்து பார்ப்பாள். கிளை மேலாளர் பார்த்தால் என்ன தெரியும், கணக்குப் பிரிவு பார்த்தால் என்ன தெரியும் என்று. "இன்னிக்கு என்ன வேஷம்டி?" என்று கிண்டல் பண்ணுவேன். சிரிக்கவே மாட்டாள். "படக்கூடாதது ஒருத்தன் கண்ணுல பட்டுட்டா, அப்பறம் அதைத் திருப்பி வாங்க முடியுமா புள்ள?" என்பாள். சரியான சிடுமூஞ்சி என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கிக் கிடக்கிறது. அம்மாவுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. வெளியே தெரிந்தால் எவன் பெண் கேட்டு வருவான் என்று அம்மா பயந்து சாவாள். ஒருமுறை மாத்திரையை மறந்து, அந்த மாடி அறையிலேயே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது சஜிதா என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் துப்பட்டாவை மடித்துத் தலைக்குக் கீழே கொடுத்திருந்தாள். "டீ சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் என்னிடம்கூட அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவள் எவ்வளவு முறைத்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறுவனத்தின் வேலை வந்தது. நான் மருந்து வாங்கும் ஆஸ்பத்திரியும் அவர்களுடையதுதான். எந்த ஊரில் எந்த நோய் அதிகம் என்று பார்த்து முகாம் போடுவதற்காக, அவர்களுடைய களப்பணியாளர்கள் போனில் திறக்கிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். அதில் பெயர் கிடையாது. ஊர், ஆணா பெண்ணா, வயது, நோய், எத்தனை பேர். அவ்வளவுதான்.

காரைக்கால் பக்கத்துப் பணியாளர் பார்த்தால் என்ன தெரியும் என்று சஜிதா நுழைந்தாள். சுரக்குடி, பெண்கள், இருபத்தைந்திலிருந்து முப்பது, வலிப்பு. கட்டத்தில் ஒன்று என்று வந்தது. பக்கத்திலிருந்து நானும் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். லேப்டாப்பை மூடிவிட்டு, "சாப்பிடப் போலாமா?" என்றாள். அந்த ஒன்று நான்தான்.

மறுநாளே பத்துக்குக் கீழே இருக்கிற எண்களையெல்லாம் அவள் மறைத்துவிட்டாள். ஒன்றை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று, கூடவே இன்னொன்றையும் மறைத்தாள். சென்னைக்கு அது ஒரு பொருட்டில்லை. எங்கள் ஊர்களோ சின்னவை. காரைக்கால் பக்கம் முழுக்க எண்ணுக்குப் பதில் வெறும் கோடாகிப் போனது.

இதை வைத்து எங்கே முகாம் போடுவது என்று எங்கள் மேலாளர் பாலகுரு சென்னையிலிருந்து குதித்தார். ஆன்லைன் மீட்டிங் போட்டார். களப்பணியாளர்கள் சார்பில் முருகானந்தம் அண்ணன் வந்திருந்தார். அவரும் சுரக்குடிதான், எனக்குப் பெரியம்மா மகன். நல்ல மனுஷன், ஆனால் வாயில் எதுவும் தங்காது.

"பேரே இல்லாத கணக்குல யாருக்கு என்ன ஆயிடும்? ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க சஜிதா" என்றார் பாலகுரு.

உதாரணம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சொல்லியிருந்தால் அப்போதே ஜெயித்திருப்பாள். "சொல்றதுக்கில்லைங்க சார். ஆனா நான் திறக்க மாட்டேன்" என்றாள்.

"அப்ப வேற ஆளை வெச்சுத் திறந்துக்கறேன். உங்களுக்கு இந்த வேலை வேணாம்" என்று சொல்லிவிட்டு, பூட்டுப் போடுவதற்கு முந்தைய மாடலை எல்லோருக்கும் காட்டினார் அவர்.

"எங்க ஊரைப் போடுங்க சார், பாப்போம்" என்றார் முருகானந்தம். பாலகுரு ஒவ்வொரு நோயாகத் தொட்டுக்கொண்டே வந்து வலிப்பில் நின்றார். "பாருங்க, வெறும் ஒன்னு. இதுல யார் பேரு இருக்கு?"

முருகானந்தம் சிரித்தார். "பேரு எதுக்கு சார்? எங்க ஊர்ல இந்த வயசுல கட்டிக்குடுக்காத பொண்ணு ரெண்டோ மூணோதான். கருப்பையன் மவளாத்தான் இருக்கும். பாத்துட்டுப் போறவன்லாம் ஏன் திரும்பி வரலைன்னு இப்பல்ல தெரியுது!"

அடப்பாவி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நோய் நொடி கிடையாது. நாளைக்கு டீக்கடையில் இதே பேச்சாக இருக்கும், அதோடு அவள் வாழ்க்கை போச்சு. நான் மைக்கைத் தொடப் போவது தெரிந்து சஜிதா என் கையைப் பிடித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிடியை உதறிவிட்டேன்.

"அண்ணே, அவ இல்ல. அது நான்."

"அறிவு... நீயா?" என்றார் முருகானந்தம். பாலகுரு திரையிலிருந்து அந்த மாடலை எடுத்தார். "சஜிதா, நீங்க மறைச்சது மறைச்சபடியே இருக்கட்டும். நீங்களே பாருங்க."

மீட்டிங் முடிந்ததும் சஜிதா என் தோளில் போட்டு அடித்தாள். "ஏண்டி சொன்னே? வேலை போனாப் போவட்டும்னு நான் எதுக்குடி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்?" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர்வாய் முந்துவதற்குள் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்று அவளே ஸ்கூட்டரில் என்னைச் சுரக்குடிக்குக் கூட்டிவந்தாள். அம்மா என்னைத் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோட்டுச்சேரியில் ஓர் இடம் பேசி வைத்திருந்தார்கள். அங்கிருந்து அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை.

அந்தப் பக்கத்தில் இப்போது சுரக்குடிக்கு நேரே கோடுதான் இருக்கிறது. மற்ற சின்ன ஊர்களுக்கும் அப்படித்தான், அங்கெல்லாம் என்னைப் போல ஒற்றை ஆளாக எத்தனை பேர் இருக்கிறார்களோ. போன வாரம் கருப்பையன் மகள் மாடி அறைக்கே வந்து கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். மீட்டிங்கில் தன் பேர் அடிபட்டது அவளுக்குத் தெரியாது. அவசியம் வரணும் அக்கா என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

சஜிதா பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தனை பேரையும் மறைச்சேன் அறிவு. உன்னை மட்டும் மறைக்க முடியலையேடி" என்றாள்.